மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியும் உதைக்கும் கணக்கும்

இரவு கடை எடுத்து வைத்தபின் கல்லாவை எண்ணுகிறோம். சிட்டைக்கும் ரொக்கத்துக்கும் நானூறு ரூபாய் உதைக்கிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? கல்லாப்பெட்டியை மாற்றுவதில்லை. கடைப் பையனை மறுநாளே நிறுத்திவிடுவதும் இல்லை. சிட்டையை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வருகிறோம். எங்கோ ஒரு கடன் சீட்டு ஏறாமல் விட்டுப் போயிருக்கும். அல்லது 450 என்பது 850 என்று எழுதப்பட்டிருக்கும். குற்றம் அகப்பட்டதும் நிம்மதியாகச் சாப்பிடப் போகிறோம்.

கடையில் இவ்வளவு நிதானமாக இருக்கும் நாம், வண்டி வழியில் நின்றுவிட்டால் மட்டும் ஏன் நிதானம் இழந்து, எவர் எதைச் சொன்னாலும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்? இந்தக் கேள்வி எங்களுக்கு அனுபவத்தில் வந்தது. சங்க அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று வெட்கத்தை விட்டு இங்கே எழுதுகிறோம்.

வண்டி வந்த கதை

அண்ணன் தம்பி இருவருமாகக் குமாரலிங்கபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மல்லி, வத்தல், பருத்தி விளையும் கரிசல் காடு. மழை பெய்தால் வியாபாரம், பெய்யாவிட்டால் கடன் சீட்டு. பருப்பும் எண்ணெயும் விருதுநகரில் பிடிக்கிறோம். சாம்பிள் பார்க்கவும், பாக்கி வசூலுக்கும், மதுரைக்குப் போய்வரவும் ஒரு கார் தேவைப்பட்டது. பழைய வண்டியாக, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். பின்னால் தெரியப்போவதுபோல், குற்றம் கம்பெனியுடையது அல்ல.

சின்ன எஞ்சினில் டர்போ வைத்த கார்கள் நம் நாட்டில் பெருகியதற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு. நான்கு மீட்டருக்குள் நீளமும், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரி குறைவு. ஆகவே எஞ்சினைப் பெரிதாக்காமல் இழுவையைக் கூட்டக் கம்பெனிகள் டர்போவை நாடின. 2013இல் மறைமலைநகரில் தயாராகி வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் இருந்தது. 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் ஹூண்டாய் வென்யூ என்று வரிசையாக வந்தன. அவையெல்லாம் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பதால், நம்மைப் போன்றவர்கள் கைக்கும் டர்போ வந்து சேர்ந்திருக்கிறது.

காரியாபட்டி தாண்டியதும்

ஒரு விடியற்காலை மதுரைக்குப் புறப்பட்டோம். காரியாபட்டி தாண்டி நான்கு வழிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக மிதித்தபோது வண்டி திக்குவாய்போல் திக்கித் திக்கி உதறியது. முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டியது. பயந்து ஓரம் கட்டினோம். நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடியது. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை, மிதித்தால் உதறல். பட்டறை பாஷையில் சொன்னால், வண்டி 'மிஸ்ஸிங்' அடித்தது.

முதலில் போன பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இழுவை இல்லை, டர்போ போச்சு" என்றார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்தச் சமயம் எங்கள் கையில் அந்தத் தொகை இருந்தது. ஆனால் அது விருதுநகர் மண்டிக்குக் கெடு சொன்ன பணம். அதை எடுத்து வண்டிக்குப் போட்டால் கெடு தவறும். கெடு ஒருமுறை தவறினால் அடுத்த முறை சரக்கு கேட்கும்போது குரலை இறக்கிப் பேச வேண்டும். வியாபாரிக்குக் கடையைவிடப் பெரிய முதல் நாணயம்தானே!

"யோசித்துச் சொல்கிறோம்" என்று வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கே ஏர் ஃபில்டர், ஒரு இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் சுத்தம் என்று ஒரே நாளில் மூன்று வேலை செய்து ஒன்பதாயிரம் சொச்சம் வாங்கினார்கள். "பிளக்?" என்று கேட்டார்கள். "பிளக் புதுசு, போன மாதம்தான் போட்டது" என்றோம். அதனால் அவர்கள் அதைக் கழற்றவில்லை. ஒரு வாரம் ஊருக்குள்ளும் அருப்புக்கோட்டை வரையிலும் மெதுவாகப் போய்வந்தோம், குறையில்லை. மறுபடி மதுரைச் சாலையில் மிதித்தோம், அதே உதறல்.

மூன்றாவது பட்டறையில் ஒரு கேள்வி

அருப்புக்கோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். கம்ப்யூட்டர் ஸ்கேனர் பார்க்க அவருடைய மகன் இருக்கிறார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் எங்களைத்தான் விசாரித்தார்.

"எப்போ அடிக்குது அண்ணாச்சி? நிக்கும்போதா, மிதிக்கும்போதா? காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடானப்புறமா? இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வண்டியில கடைசியா என்ன மாத்துனீங்க?"

"பிளக் மட்டும்தான் மாத்துனோம் அண்ணே. அது புதுசு" என்றோம்.

"புதுசா இருக்கட்டும். சரியா இருக்கான்னு பாக்கணும்."

அவர் மகன் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி-0302 என்ற எண் வந்தது. பி-0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று தீர்மானமில்லாத மிஸ்ஸிங். 0301 முதல் சிலிண்டர், 0302 இரண்டாவது, 0303 மூன்றாவது. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஷாஃப்ட் சற்று வேகம் எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் முறை வரும்போது அந்த வேகம் குறைந்தால், அதற்கான சென்சார் கண்டுகொண்டு அந்தச் சிலிண்டரின் எண்ணைப் பதிந்துவிடுகிறது. ஆனால் எந்தச் சிலிண்டர் என்றுதான் அது சொல்லும். எந்தச் சாமான் என்று சொல்லாது. கடன் சீட்டு எந்தத் தேதியில் விட்டுப் போனது என்று தெரிந்த மாதிரி. யாருடைய சீட்டு என்று நாம்தான் தேட வேண்டும்.

பெரியவர் இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டார். பதிவை அழித்துவிட்டு, அதே நான்கு வழிச் சாலையில், அதேபோல் மிதித்து ஓட்டினார். எண் மறுபடியும் 0302. காயில் மாறியும் குற்றம் நகரவில்லை என்றால் குற்றம் காயிலில் இல்லை. நாங்கள் காசு கொடுத்து மாட்டிய புதுக் காயில் தேவையே இல்லாதது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

எஞ்சின் ஆறியபின் இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை முதலாவதிலும், முதலாவதின் பிளக்கை இரண்டாவதிலும் போட்டார். மறுபடி ஓட்டம். இம்முறை வந்த எண் 0301. பிளக்கோடு சேர்ந்து குற்றமும் இடம் பெயர்ந்துவிட்டது!

அந்தப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் மேல் கறுப்புக் கோடு. முனையில் உள்ள இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார். 1.1 மில்லிமீட்டர். கையேட்டில் எங்கள் வண்டிக்குப் போட்டிருந்தது அதைவிட மிகக் குறைவு. மற்ற இரண்டையும் அளந்தால் அவையும் 1.1தான். மரை ஒன்று, நீளம் ஒன்று. ஆனால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு உரிய பிளக்.

யார் வாங்கிய பிளக்?

எங்களில் ஒருவர்தான் வாங்கினார். அண்ணனா தம்பியா என்பது இங்கே அவசியமில்லை. உதிரிச் சாமான் கடையில் வண்டிக்குரிய பிளக்கின் விலையைக் கேட்டுவிட்டு, "இதே மரையில வேற இருக்கா?" என்று கேட்டு, பாதி விலைக்கு மூன்று வாங்கி வந்தார். விலை குறைந்த பருப்பைக் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம், "அண்ணாச்சி, பார்வைக்கு ஒண்ணுதான், வேக வச்சாத்தான் தெரியும்" என்று தினமும் சொல்கிறவர் அவர். உபதேசம் ஊருக்கு என்பது எங்கள் வீட்டில் நிரூபணமாயிற்று.

அந்த வெட்கத்தால்தான் இரண்டு பட்டறைகளிலும் "பிளக் புதுசு" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். எங்கே, என்ன விலைக்கு வாங்கியது என்று சொல்லவில்லை. மருத்துவரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். அந்த வரிசையில் மெக்கானிக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரியான மூன்று பிளக் போட்ட செலவு ஒரு டின் எண்ணெய் விலைக்குள் முடிந்தது. மதுரைச் சாலையில் மிதித்தோம். வண்டி பேசாமல் இழுத்தது. மண்டிப் பணமும் கெடுவில் போய்ச் சேர்ந்தது.

மிதித்தால் மட்டும் ஏன் அடித்தது?

இதைப் புரிந்துகொண்டால் டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இதுதான் டர்போ. வீணாகும் புகையிலிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றார். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின்போல இழுக்கும்.

ஆனால் அழுத்தம் கூடிய காற்றின் ஊடே மின்பொறி தாவுவது கடினம். இடைவெளி அகலமாக இருந்தால் இன்னும் கடினம். மெதுவாகப் போகும்போது டர்போ அதிகம் அழுத்துவதில்லை. ஆகவே அகலமான இடைவெளியையும் பொறி தாண்டிவிடும். மிதித்ததும் சிலிண்டருக்குள் காற்று நெருக்குகிறது. பொறி நேர் வழியில் தாவ முடியாமல் சுலபமான வேறு வழி தேடுகிறது. எங்கள் பிளக்கில் அந்த வழி பீங்கான் விரிசல்.

இதனால்தான் டர்போ எஞ்சின்களுக்குப் பொதுவாக இடைவெளியைக் குறைத்து, 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டரை ஒட்டிப் போடச் சொல்கிறார்கள். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளதே கணக்கு. 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை வெடிக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கு 75 முறை. அவற்றில் சில தவறினாலே உட்கார்ந்திருப்பவருக்கு உதறல் தெரியும்.

முதல் பட்டறையில் டர்போவைச் சந்தேகித்ததற்கும் காரணம் இருக்கிறது. மிஸ்ஸிங் கடுமையானால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரே அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்தி, டர்போ அழுத்தத்தையும் குறைத்துவிடும். ஓட்டிப் பார்ப்பவருக்கு டர்போ செத்துவிட்டதுபோல் தெரியும். டர்போ உண்மையிலேயே கெட்டால் அதன் அடையாளம் வேறு: எண்ணெய் எரியும் நீலப் புகை, எஞ்சின் ஆயில் குறைதல், காற்றுக் குழாயில் எண்ணெய், வழக்கத்துக்கு மாறான ஊளைச் சத்தம். இவை எதுவும் இல்லாமல் டர்போவை மாற்றச் சொன்னால், ஒரு நாள் பொறுப்பது நல்லது.

தேடும் வரிசை

அந்தப் பெரியவர் செய்ததையும் அவரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து, டர்போ பெட்ரோல் வண்டிக்கு உரிய வரிசையை இங்கே தருகிறோம். வேலையை மெக்கானிக் செய்யட்டும். ஆனால் வரிசை நமக்குத் தெரிந்திருந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

1. எப்போது அடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மிதிக்கும்போது மட்டும் என்றால் முதல் சந்தேகம் பிளக், காயில். நின்ற நிலையில் அடித்து, வேகத்தில் சரியானால் எங்கோ காற்றுக் கசிவு அல்லது இன்ஜெக்டர். காலைக் குளிரில் மட்டும் என்றால் வேறு காரணங்கள்.

2. ஸ்கேனரில் எண்ணைப் பார்த்து, அழிப்பதற்கு முன் ஒரு சீட்டில் எழுதி வாங்க வேண்டும். ஒரே சிலிண்டரின் எண் என்றால் அந்தச் சிலிண்டரின் சாமான். 0300 வந்து எல்லாச் சிலிண்டரும் அடித்தால் பொதுவான குற்றம்: பெட்ரோல், காற்று, பம்ப். பி-0171 என்ற எண்ணும் கூட வந்தால், பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று போகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

3. காயிலை இடம் மாற்றி ஓட்ட வேண்டும். பிறகு பிளக்கை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றம் நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே சாலை, அதே வேகம்.

4. பிளக்கைக் கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை போகும். மரை போனால் பிளக் செலவு ஹெட் செலவாகிவிடும்.

5. இரண்டாலும் குற்றம் நகராவிட்டால் காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும் ஒயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும்; பிறகு இன்ஜெக்டர்.

6. டர்போவிலிருந்து எஞ்சினுக்கு வரும் காற்றுக் குழாய், இன்டர்கூலர், கிளிப்புகள். மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் இழுவைக் குறைவும் இருந்தால் இங்கே கசிவு இருக்கலாம். நின்ற நிலையில் டர்போ அழுத்தம் இருக்காது. ஆகையால் சோப்புத் தண்ணீரைத் தடவி மட்டும் பார்த்தால் பயனில்லை. வெளியிலிருந்து காற்றோ புகையோ செலுத்திச் சோதிக்க வேண்டும்.

7. கடைசியாக கம்ப்ரஷன். எல்லாச் சிலிண்டர் அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பெரிய செலவு இங்கேதான் இருக்கிறது. அதனால்தான் இது கடைசியில்.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்து எந்தச் சிலிண்டர் என்று சொல்வார்கள். இன்றைய எஞ்சினில் அது கூடாது. ஷாக் அடிப்பதோடு காயிலும் கெடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போகும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. நீண்ட நாள் ஓட்டாமல் டாங்கில் பெட்ரோலைக் கிடப்பில் போடுவது நல்லதல்ல. பெட்ரோல் போட்ட மறுநாளே எல்லாச் சிலிண்டரும் அடித்தால் முதலில் டாங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மளிகைக்காரர் வண்டிக்கு ஒரு விசேஷ எதிரி

நம் வண்டிகளில் மல்லியும் கடலையும் பருப்பும் சிதறிக் கிடக்கும். கடையில் பூனை வளர்க்கும் நாம் வண்டிக்குள் எலிக்குப் பந்தி வைக்கிறோம். தானியத்துக்காக வரும் எலி, கதகதப்புக்காக எஞ்சின் மேல் ஏறிக்கொண்டு ஒயரைக் கடிக்கிறது. காயில் ஒயரோ இன்ஜெக்டர் ஒயரோ பாதி அறுந்திருந்தால், மேட்டில் ஏறும்போது அதிர்வில் தொடர்பு விட்டு விட்டு வரும். குற்றம் அகப்படாமல் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும், சாம்பிள் பைகளை இரவில் வண்டியில் விடாதிருப்பதும் செலவில்லாத வைத்தியம். கரிசல் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் கையேட்டுக் கெடுவுக்கு முன்பே பார்ப்பது நல்லது.

டீசல் சரக்கு வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

2005இல் வந்த டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினில் டர்போ கிடையாது. 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டியில் மூன்று சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் வந்தது. டீசலில் பொறி பிளக் இல்லை. ஆகவே மிஸ்ஸிங் வந்தால் டீசல் ஃபில்டர், ஃபில்டரில் சேரும் தண்ணீர், லைனில் காற்று, இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவார்கள். எதில் அளவு மிகக் கூடுகிறதோ அதுதான் சந்தேகத்துக்குரியது. எண்ணெய் அளக்கும் நமக்கு இது சொல்லாமலே விளங்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய டீசல் எஞ்சினில் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. காமன் ரெயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யவிடக் கூடாது. அந்தப் பைப்பில் 1,600 பார் வரையிலும், சில வண்டிகளில் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். நம் கார் டயரில் உள்ளதைப்போல எழுநூறு மடங்கு. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கை போகும் ஆபத்து அது.

விளக்கு சிமிட்டினால்

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போகச் சொல்கிறது. சிமிட்டினால் மிதியைக் குறைக்கச் சொல்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு தாங்காமல் உள்ளே உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய சாமான் அது. பிளக் செலவைத் தள்ளிப் போட்டால் இந்தச் செலவு வரும். 1-4-2020 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகளில் புகை விஷயத்தில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். "கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்ற பழைய கணக்கு அவற்றில் செல்லாது.

பில் கேட்பது அவமரியாதை அல்ல

நம் கடையில் பில் கேட்பவரைக் குறைவாக நினைப்பதில்லை. பட்டறையிலும் உதிரிச் சாமான் கடையிலும் நாம் கேட்கத் தயங்குகிறோம். எந்தப் பிளக், அதன் எண் என்ன என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தால், எங்கள் குற்றம் முதல் பட்டறையிலேயே அகப்பட்டிருக்கும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும். 20-7-2020 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கும் பொருந்தும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியது விலக்கு என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்புக்காகவே பயன்படுத்துவோரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பில் இல்லாமல் எந்தச் சட்டமும் கைகொடுக்காது.

பழைய பிளக் மூன்றும் இப்போது எங்கள் கல்லாப்பெட்டியில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. யாராவது வந்து, "இதே மாதிரி, விலை கொஞ்சம் குறைச்சலா இருக்கா?" என்று கேட்டால், சில சமயம் அந்த டப்பாவை எடுத்துக் காட்டுகிறோம். சரக்கு வாங்குகிறவர் கேட்கிறார், வாங்கினவர் நாங்கள் யார் என்று சொல்வதில்லை. தம்பி மட்டும் அண்ணனைப் பார்ப்பார். அண்ணன் தம்பியைப் பார்ப்பார்.